மாதா ஸ்டிக்கர் ஒட்டிய பாட்டுப்பெட்டி

ஜனவரி 19

இனி ஆஸ்பத்திரியில் திங்கள்கிழமைகள் காது இரைச்சல்காரர்களுக்கு என்று நளாயினி மேடம் ஒதுக்கிவிட்டார். வெளியே சத்தமே இல்லாதபோதும் காதுக்குள் ஏதோ ஒன்று கேட்டுக்கொண்டே இருப்பவர்கள். முதல் தொகுதியில் பன்னிரண்டு பேர். பாதிப் பேருக்குக் காதில் மாட்டும் சின்னக் கருவி. அதிலிருந்து 'உஸ்' என்று காற்று மாதிரி ஓர் ஒலி விடாமல் வரும். மீதிப் பேருக்குப் பாட்டு. அவரவர் காது எந்தச் சுருதி உயரத்தில் இரைகிறது என்று அளந்து, அந்த உயரத்தை மட்டும் பாட்டிலிருந்து நீக்கிவிட்டு, மிச்சத்தைத் தீப்பெட்டி அளவு பெட்டியில் ஏற்றிக் கொடுப்போம். யாருக்கு எது என்பது சீட்டுக் குலுக்கலில். எதனால் எவ்வளவு குறைகிறது என்று ஒப்பிட வேண்டும்.

பக்கத்தில் இருப்பவருக்கு என்ன கிடைத்தது என்று யாரிடமும் சொல்லக் கூடாது. தன்னுடையதைவிட அடுத்தவருடையது நல்லது என்று நினைத்துவிட்டாலே இரைச்சல் கூடிவிடும், ஒப்பீடு கெட்டுவிடும் என்றார் மேடம். "ஒங்கிட்டேருந்து ஒரு வார்த்தை வெளிய போகாது செவ்வந்தி. அதனாலதான் ஒன்னப் போட்டேன்."

பேசத் தெரியாததற்காக எனக்குக் கிடைத்த முதல் பொறுப்பு.

கூடத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். எனக்குக் குரல் எழும்பவில்லை. ஒவ்வொருவர் எதிரிலும் போய் நின்று மெதுவாகச் சொன்னேன். அவர்களோ அதற்குள் ஒருவர் சத்தத்தை மற்றவர் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்குக் குக்கர், ஒருவருக்கு டிவி நின்றுபோனபின் வரும் கூவல். தனக்குச் சங்கே ஊதுகிறது என்று ஒருவர் சொன்னதும் மற்றவர்கள் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்தார்கள்.

விடுதியில் இன்றும் தக்காளி ரசம்.

ஜனவரி 26

தனபாக்கியம் அம்மாவுக்குப் பாட்டுப்பெட்டி விழுந்தது. நூற்பாலையில் வேலை பார்த்து ஓய்ந்தவர். அறுந்த நூலை ஒட்டுவதுதான் வேலை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ முறுக்கிக்கொண்டே இருக்கின்றன. காதில் சில்வண்டு. கூடத்தின் மூலையில் ஒரு மின்விசிறி கடகடவென்று ஆடும். அதற்குக் கீழே யாரும் உட்காரமாட்டார்கள். இவர் தேடிப்போய் அங்கே உட்காருகிறார்.

ஆரோக்கியசாமி ஐயாவுக்குக் காற்றொலி. துறையூர் தடத்தில் தனியார் பேருந்து ஓட்டியவர். கருவியை மாட்டிவிட்டதும் எழுந்து நின்றுவிட்டார். ஏன் என்று கேட்டால் ஒன்றுமில்லை என்று சிரித்தார்.

அப்பா போன் செய்தார். அவர் வேலை பார்க்கும் செங்கல் சூளையில் மேஸ்திரியின் மாமியாருக்குக் காதில் சீழாம், என்ன மருந்து என்று கேட்கச் சொன்னாராம். நான் டாக்டர் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் ஊரில் நான் காது டாக்டர்தான். அப்பா அதைத் திருத்துவதில்லை.

பிப்ரவரி 2

தனபாக்கியம் அம்மா முகமே மாறியிருக்கிறது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் பால்காரர் மணி அடிக்கும்வரை எழுந்திருக்கவில்லையாம். வாராவாரம் நிரப்பும் கேள்வித்தாளில் அவருடைய மதிப்பெண் இறங்கியிருக்கிறது. இதில் இறங்குவதுதான் நல்லது.

ஆரோக்கியசாமி ஐயாவுடையது ஏறியிருக்கிறது. வெளியே தண்ணீர்க் குழாயருகே என்னை நிறுத்தினார். அந்தச் சத்தம் டயரில் காற்று போகிற சத்தமாம். அது கேட்டால் வண்டியை ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தே ஆகவேண்டும் என்று உடம்புக்குப் பழக்கம். வீட்டில் உட்கார்ந்தால் எழுந்து நிற்கிறார், படுத்தால் எழுந்து வாசல்வரை போகிறார். சொல்லும்போது கண் கலங்கியது. பெரிய ஆள், மீசை வைத்தவர். எல்லாருக்கும் இதே காற்றுதானா என்று கேட்டார்.

நான் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை.

பிப்ரவரி 8

வெள்ளைக் கோட்டைத் துவைத்தேன். பையில் மை கொட்டிய இடம் போகவில்லை. எலுமிச்சை போட்டுப் பார்த்தால் இன்னும் பரவியது.

பிப்ரவரி 16

இதை எழுதுவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

வந்தவர்களின் கருவிகளைத் துடைத்து, சார்ஜ் பார்த்துக் கொடுப்பது என் வேலை. தனபாக்கியம் அம்மா நீட்டிய பாட்டுப்பெட்டியின் பின்னால் வேளாங்கண்ணி மாதா ஸ்டிக்கர். நெற்றி நிறையத் திருநீறும் குங்குமமும் வைத்திருப்பவர். யார் ஒட்டியது என்று கேட்டேன். "மாதாவும் சாமிதானே கண்ணு" என்றார். என் முகத்தைப் பார்த்ததும் மெதுவாகச் சொல்லிவிட்டார்.

மாற்றிக்கொண்டார்கள். போன வாரம், பேருந்து நிறுத்தத்தில், ஆரோக்கியசாமி ஐயாவோடு. ஊரில் மூட்டுவலி மாத்திரை நன்றாகக் கேட்கிறது என்றால் பக்கத்து வீட்டுக்கு நாலு கிள்ளிக் கொடுப்பதில்லையா, அதுபோலத்தான் அவருக்கு இதுவும். அண்ணன் அழுதார், கொடுத்தேன் என்கிறார். திங்கள்கிழமை காலை டீக்கடையில் திரும்ப மாற்றிக்கொண்டு உள்ளே வருவதாக ஏற்பாடு. ஸ்டிக்கரை உரிக்க மறந்துவிட்டார்கள்.

"டயருல காத்து போற சத்தம் கேட்டா டிரைவருக்கு எப்படிக் கண்ணு தூக்கம் வரும்? எனக்கென்ன, மில்லுல கேக்காத சத்தமா? நான் சமாளிச்சுக்குவேன்."

உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பரவாயில்லை என்றார். மேடத்திடம் சொன்னால் இரண்டையும் வாங்கி வைத்துக்கொள்வார்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப சொல்லாத" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தையும் சொன்னார். அதை இன்று எழுதப் பிடிக்கவில்லை.

ஸ்டிக்கரை நகத்தால் உரிக்கப் பார்த்தேன். பாதிதான் வந்தது. மாதாவின் கிரீடம் அப்படியே நிற்கிறது.

பிப்ரவரி 17

சொல்லலாம் என்று மேடத்தின் அறைவரை போனேன். போனில் இருந்தார். திரும்பிவிட்டேன். அரை நிமிடம் நின்றிருந்தால் போனை வைத்திருப்பார்.

பிப்ரவரி 23

காற்றொலியைத் துடைக்கும்போது பஞ்சில் தேங்காய் எண்ணெய் வாசனை. ஐயாவின் தலையில் முடியே கிடையாது.

மார்ச் 2

ஐயாவின் மதிப்பெண் கிடுகிடுவென்று இறங்குகிறது. நாலு கிலோ இளைத்த ஆள் மாதிரி லேசாக நடக்கிறார். பெட்டியில் இருப்பது தனபாக்கியம் அம்மாவின் காதுக்கு அளந்த பாட்டு. இவர் காதின் உயரம் வேறு. நம் முறைப்படி இவருக்கு அது மருந்து மாதிரி கேட்கவே கூடாது. கேட்கிறது. "அந்தக் குழல் வருதே பாப்பா, அது என்னைய உக்கார வச்சுருது" என்று காதோடு சொன்னார்.

தனபாக்கியம் அம்மாவின் கேள்வித்தாளையும் நான்தான் படித்து நிரப்புகிறேன். கண்ணாடிக் கதவு போட்ட, சத்தம் வராத அறைக்குள் உட்காரவைத்துக் கேட்கிறேன். தூக்கம் கெடுகிறதா? இல்ல. எரிச்சல் வருகிறதா? இல்ல. இந்தச் சத்தத்திலிருந்து தப்பவே முடியாது என்று தோன்றுகிறதா? இல்ல கண்ணு. கண்ணுக்குக் கீழே கருவளையம் கன்னத்தில் பாதிவரை வந்துவிட்டது. சொல்லும்போது சேலை நுனியை முறுக்குகிறார். நான் 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போடுகிறேன். பேனா நன்றாகத்தான் எழுதுகிறது.

மார்ச் 9

பக்கத்துக் கட்டில் ஜெபசீலி கல்யாணப் புடவை காட்டினாள். மாம்பழ மஞ்சள். நல்லா இருக்கு என்றேன். சரியாகப் பார்க்கவில்லை.

மார்ச் 16

மேடம் முதல் தொகுதியின் முடிவைப் பிரித்துப் பார்த்தார். பாட்டும் காற்றொலியும் ஏறக்குறையச் சமம். ஆனால் காற்றொலி கொஞ்சம் முந்துகிறது, அதை முந்த வைப்பது ஆரோக்கியசாமி ஐயாவின் மதிப்பெண். பாட்டுக்கு ஒவ்வொரு காதாக அளந்து நாள்கணக்கில் மெனக்கெட வேண்டும். காற்றொலி என்றால் வாங்கி அப்படியே மாட்டிவிடலாம். இனி வருகிற எல்லாருக்கும் காற்றொலியே போதும் என்று மேடம் மருத்துவ இதழுக்குக் கட்டுரை எழுதப்போகிறார். இம்மாதக் கடைசி ஞாயிறன்று முகாம். அதில் ஐயா எழுந்து பேச வேண்டும், இந்தக் கருவி எப்படித் தன்னை மாற்றியது என்று.

கட்டுரையில் என் பெயரும் வருமாம். "நீதானே எல்லாரையும் பாத்துக்கிட்ட" என்றார் மேடம். நான் நன்றி சொன்னேன்.

அப்பாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. அம்மா வேறு ஏதோ கேட்க, வாய் தவறி வந்துவிட்டது. அச்சில் மகள் பெயர் வருகிறது என்று அப்பா சூளை முழுக்க மிட்டாய் கொடுத்துவிட்டார்.

மார்ச் 17

பிப்ரவரி 2 அன்று நான் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறேன். சொன்னது இவ்வளவுதான்: "சிலருக்குப் பாட்டு." அவர் யாருக்கு என்று கேட்டார். நான் ஜன்னல் வழியே கூடத்துக்குள் திரும்பினேன். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தேன். ஐயாவும் பார்த்தார்.

தனபாக்கியம் அம்மா அன்று கடைசியாகச் சொன்ன வார்த்தை: "நீ பாட்டு எங்கிட்ட இருக்குன்னு காட்டினது தெரிஞ்சா ஒனக்குல்ல வேலை போயிரும்." மிரட்டவில்லை. எனக்காகப் பயந்து சொன்னார். மிரட்டியிருந்தால் நேராக மேடத்திடம் போயிருப்பேன் என்று நினைக்கிறேன். நினைக்கத்தான் செய்கிறேன்.

மார்ச் 29

முகாம். முன்னூறு நாற்காலி கேட்டு நூறுதான் வந்தது. குடிதண்ணீர், பிஸ்கட் எல்லாம் என் தலையில்.

மேடை ஏறுவதற்கு முன் ஐயாவைத் தேடிக்கொண்டு நடைவழிக்குப் போனேன். இருவரும் எக்ஸ்ரே அறைக்கு எதிரில் நின்றிருந்தார்கள். தனபாக்கியம் அம்மா தன் காதிலிருந்து காற்றொலியைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, அவர் கையில் கொடுத்தார். ஐயாவுக்கு மாட்டத் தெரியவில்லை. மாட்டி எத்தனை நாளாயிற்று. அம்மாவே குதிகாலை உயர்த்தி மாட்டிவிட்டார். "சத்தத்தக் கொறச்சு வச்சுருக்கேண்ணே. கொஞ்ச நேரந்தான், பொறுத்துக்கங்க." என்னைப் பார்த்ததும் இருவரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி விலகினார்கள். நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். உள்ளே கூப்பிடுகிறார்கள் என்றேன்.

ஐயா நன்றாகப் பேசினார். துறையூர் வண்டி, மேட்டுத் திருப்பம், ஏர்ஹாரன் என்று சொல்லிச் சிரிக்கவைத்தார். கருவியைப் பற்றி வந்தபோது மட்டும் "டாக்டரம்மா குடுத்தது நல்லாருக்கு" என்பதோடு முடித்துக்கொண்டார். பேசும்போது ஒரு கால் முன்னே நகர்ந்து நகர்ந்து நின்றது. இறங்கப் போகிறவர் கால். எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும்.

முதல் வரிசையில் ஒரு பெண். என் வயதுதான். இன்னும் மில்லில் வேலை, கழுத்தில் அடையாள அட்டையோடு வந்திருந்தாள். கையைத் தூக்கிக் கேட்டாள்.

"மில்லுல தண்ணி தெளிக்கிற குழாயும் இப்படித்தான் உஸ்ஸுனு கெடக்கும். வீட்டுக்கு வந்தும் அதையே கேக்கணுமா? எனக்குப் பயமா இருக்குங்கய்யா. பழகிருமா?"

ஐயா தனபாக்கியம் அம்மாவைப் பார்த்தார். அம்மா வெறும் காதோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். குனிந்துகொண்டார்.

"பழகிரும்மா" என்றார் ஐயா.

காற்றொலி வாங்குவோர் பட்டியலில் அவள் பெயரை நான்தான் எழுதினேன். கோமளா. நெய்க்காரப்பட்டி. எழுதிவிட்டு எழுத்துப் பிழை இருக்கிறதா என்று சரிபார்த்தேன்.

மார்ச் 30

சொல்லிவிட்டேன். நின்றுகொண்டே சொன்னேன். உட்கார் என்றார் மேடம், உட்காரவில்லை. எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டார். பிப்ரவரி பாதியிலிருந்து என்றேன். பிறகு, அதற்கு முன்னாலிருந்தே என்றேன். குழாயடி விஷயத்தையும் சொன்னேன்.

திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "நேத்து அந்தப் பொண்ணு கேட்டப்ப நீ எங்க நின்ன?" என்று மட்டும் கேட்டார். பிஸ்கட் தட்டுடன் பக்கவாட்டில் நின்றேன். அதையும் சொன்னேன்.

இருவர் மதிப்பெண்ணும் நீக்கப்படும். காற்றொலியே போதும் என்ற முடிவை நிறுத்திவைத்துவிட்டார். கோமளாவை அடுத்த திங்கள்கிழமை வரச் சொல்லி, இரண்டையும் கேட்கவைத்துப் பிறகு முடிவு செய்யலாம் என்றார். கருவிகள் ஆய்வுக்குச் சொந்தம், திரும்ப வாங்க வேண்டும். என் பெயர் கட்டுரையில் வராது. வேலையைப் பற்றி நிர்வாகத்திடம் கேட்க வேண்டுமாம்.

ஏப்ரல் 1

இருவரும் வந்தார்கள். கூப்பிட்டது நான்தான்.

தனபாக்கியம் அம்மா காற்றொலியை மேசைமேல் வைத்துவிட்டு விசிறிக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டார். ஐயா பாட்டுப்பெட்டியைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். சார்ஜர் வயரை அழகாகச் சுருட்டி ரப்பர் போட்டிருந்தார். மேடம் அவரிடம் வீட்டில் சாதாரணப் பாட்டை மெதுவாக வைத்துக் கேளுங்கள் என்றார். அவர் சிரித்தார்.

"எங்க வீட்டுல பாட்டு வச்சா பிள்ளைங்க படிக்குதுன்னு மருமக வந்து நிறுத்திப்புடும்மா. இதுன்னா டாக்டர் குடுத்தது. ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார். "சொல்லாம இருந்துருக்கலாம் பாப்பா." கோபமில்லை. நிறுத்தத்தில் நிற்காமல் போகிற பேருந்தைப் பார்த்துச் சொல்கிற மாதிரி.

நான் திரும்ப உள்ளே போனேன். மருந்துச் சீட்டில் எழுதிக் கொடுக்க முடியுமா என்று மேடத்திடம் கேட்டேன். என்ன எழுத என்றார். பாட்டு என்றேன். சீட்டுப் புத்தகத்தை இழுத்தார். பிறகு எழுதினார்: 'காலை, மாலை பாட்டு. மெதுவான சத்தம். இடையில் நிறுத்தக் கூடாது.' கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினார். ஐயா அதை இரண்டு முறை படித்துவிட்டு, பெட்டி வழக்கமாக இருந்த சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஏப்ரல் 6

தனபாக்கியம் அம்மாவின் உண்மையான நிலை என்ன என்று புதிதாக ஒரு கேள்வித்தாள் நிரப்ப வேண்டும். அது மோசமாக இருந்தால் அவரைப் புதிய நோயாளியாகச் சேர்த்துப் பாட்டுப்பெட்டி கேட்டு மேடம் எழுதலாம். நன்றாக இருக்கிறது என்று வந்தால் கேட்க வழியில்லை. இதை மேடம் என்னிடம் ஒருமுறைக்கு இருமுறை சொன்னார்.

கண்ணாடி அறைக்குள் அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினேன். தூக்கம் கெடுகிறதா?

"இல்ல கண்ணு, பரவால்ல."

பேனாவை வைத்துவிட்டேன். நான் செய்தது மேடத்துக்குத் தெரிந்துவிட்டது, இனி எனக்காக எதுவும் சொல்ல வேண்டாம் என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். அடுத்த கேள்விக்கும் இல்ல என்றார். விரல்கள் முறுக்கிக்கொண்டே இருந்தன. கண் கதவின் மேலேயே இருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சுவர் முழுக்கப் பஞ்சு வைத்துச் சத்தத்தையெல்லாம் வெளியே நிறுத்திய அறை அது. அவருடைய சில்வண்டு உலகத்திலேயே உரக்கக் கேட்கும் இடம். இரண்டு மாதமாக அவரை அங்கே அடைத்து வைத்துத்தான் சத்தம் எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். சீக்கிரம் வெளியே போகத்தான் பாதி 'இல்ல'. மீதிப் பாதி எனக்காக.

நாற்காலி இரண்டை எடுத்துப்போய் அந்த ஆடும் விசிறிக்குக் கீழே போட்டேன். உட்காரவைத்துக் கேட்டேன். அவருக்குக் கேட்கவில்லை. இன்னொருமுறை கேட்டேன். "சத்தமா கேளு கண்ணு" என்றார். கூடம் நிறைய ஆள். கோமளாவும் வந்து உட்கார்ந்திருந்தாள்.

"தூக்கம் கெடுதாம்மா?"

என் குரல் சுவரில் மோதித் திரும்பியது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சங்கு ஊதுகிறவர் தனக்குத்தான் கேள்வி என்று நினைத்து "ஆமா" என்றார்.

தனபாக்கியம் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்தபின் முகம் வேறாக இருந்தது.

"கெடுது" என்றார். "தூங்கி ரொம்ப நாளாச்சு. அண்ணங்கிட்டக் குடுத்ததுலேருந்தே இல்ல."

ஆமாம் என்ற கட்டத்தில் டிக் போட்டேன். எரிச்சல் வருதாம்மா? வருது. தப்பிக்கவே முடியாதுன்னு தோணுதா? தோணுது. ஒவ்வொரு கேள்வியையும் கத்திக் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் அவர் நிதானமாக, விசிறிக்கு மேல் கேட்கும்படி பதில் சொன்னார். பக்கம் திருப்ப நான் தடுமாறியபோது, எழுது எழுது என்றார்.

மேடம் அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். தாளை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். பெட்டி கிடைக்குமா என்று தெரிய இன்னும் நாளாகும்.

தொண்டை கட்டிவிட்டது. அப்பா போன் செய்தார், அச்சில் எப்போது வரும் என்று கேட்க. வராது என்றேன். குரல் சரியாக வராததால் அவருக்குக் கேட்கவில்லை. இன்னொருமுறை, இன்னும் சத்தமாகச் சொன்னேன்.